டீ எத்தனை மணிக்கு?

ஹாலிஃபாக்ஸ்,
1 மே 1973

மதிப்பிற்குரிய திருமதி தார்ன்பரி அவர்களுக்கு,

நீங்கள் கேட்காமலே கடிதம் எழுதுகிறேன், மன்னிக்க வேண்டும். ஜூலியன் மூலமாகக் கேட்டிருக்கலாம். கேட்டும் பார்த்தேன். "அம்மாகிட்ட நீயே கேளேன், அவங்க ஒண்ணும் கடிச்சிட மாட்டாங்க" என்று சொல்லிவிட்டார். கல்யாணம் நிச்சயமான பின்னும், தொலைபேசியில் உங்கள் குரலைக் கேட்டதும் சொல்ல வந்தது எனக்கு மறந்துபோகிறது. அதனால்தான் காகிதம்.

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு வேறு வழித்தடத்தில் பஸ் கொடுத்திருக்கிறார்கள். அம்மாவுக்குப் பள்ளிச் சமையலறை மறுபடி திறந்துவிட்டது. நூலகத்தில் எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். ஈஸ்டரன்று எங்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போது, வாசலில் கையுறையை மாட்டிக்கொண்டே அம்மாவிடம் சொன்னீர்கள்: "மே மாசக் கடைசியில ஷ்ராப்ஷயர் மலைப்பக்கம் மூணு நாள் நடக்கப் போறோம். நீங்க ரெண்டு பேரும் கட்டாயம் வரணும். வரலைன்னா எனக்குக் கோபம் வந்துடும்." எங்கள் தெருவில் ஒருவரைக் கூப்பிட்டால் அவர் வந்துவிடுவார். அதனால் யாரையும் யோசித்துத்தான் கூப்பிடுவார்கள். அப்பா மறுநாளே டிப்போவில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டார்.

நேற்று அம்மா பெயருக்கு உங்கள் சீட்டு வந்தது. "சனிக்கிழமை கிளன் ஊரில், பாலத்தருகே உள்ள விடுதியில், எங்களோடு டீக்குச் சேர்ந்துகொள்ளுங்கள்" என்று இருந்தது. நடையைப் பற்றி ஒன்றும் இல்லை. அம்மா காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"மூணு நாள்னு சொன்னாங்களே?" என்றார்.

அப்பா சொன்னார்: "நடக்க வேணாம், சாப்பிட மட்டும் வாங்கன்னு சொல்றாங்க எட்னா. இதைவிட நல்ல மனுஷங்க எங்க கிடைப்பாங்க?"

அம்மா சிரிக்கவில்லை. நான் கேட்க நினைத்தது ஒன்றுதான். அந்த டீ எத்தனை மணிக்கு?

பணிவுடன்,
பிரெண்டா ஹோல்ராய்ட்


தி ஓல்டு ரெக்டரி,
லட்லோ அருகில்,
5 மே

அன்புள்ள பிரெண்டா,

எவ்வளவு அழகான கையெழுத்து! பள்ளிக்கூடத்தில் இதற்கே பரிசு வாங்கியிருப்பாய்.

ஏற்பாடுகளைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை சர்ச் ஸ்ட்ரெட்டன் ஸ்டேஷனில் இறங்கி, லாங் மிண்ட் மேட்டைத் தாண்டி, இரவு பிஷப்ஸ் காசிலில் தங்கல். சனிக்கிழமை கிளன். ஞாயிற்றுக்கிழமை நைட்டன் வரை நடந்து அங்கிருந்து ரயில். வரைபடத்தில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டாயிற்று. நான் கோடு போட்டபின் அதை மாற்றியதில்லை என்று ஜெஃப்ரி சொல்வார். நானும் ஜெஃப்ரியும் எங்கள் ஜூலியனும், நீ, எங்கள் நண்பர்கள் டென்பி தம்பதி. ஆறு பேருக்கு மேல் போனால் அது நடை இல்லை, ஊர்வலம். தவிர, வயல் வேலிகளின் மரப்படி ஒவ்வொன்றிலும் ஒருவரைக் கைபிடித்து ஏற்றி இறக்கிக்கொண்டிருக்க முடியாது. உன் அம்மாவின் முழங்காலை ஈஸ்டரன்றே கவனித்தேன்.

புது பூட்ஸ் வாங்காதே. புது பூட்ஸோடு வருகிறவர்கள்தான் முதல் நாளே அழுவார்கள். நடக்கும்போது கொஞ்சம் பேசவும் பழகிக்கொள். நீ எதுவும் சொல்லாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருக்கிறாய். எங்களிடம் அப்படி ஒரு நாய் இருந்தது. ஆனால் அது அவ்வப்போது வாலையாவது ஆட்டும்.

உன் பெற்றோர் கட்டாயம் டீக்கு வர வேண்டும். நேரம் கேட்டிருக்கிறாய். டீ நேரத்தில்தான் டீ, வேறு எப்போது? ஈஸ்டரன்று உன் அம்மா பரப்பி வைத்திருந்ததைப் பற்றி ஜெஃப்ரி இன்னும் பேசுகிறார். பன்றித் தொடைக்கறி, டின் மீன், ஊறுகாய், மூன்று வகைக் கேக்! "ஒரு கப் டீ குடிக்கப் போனா, ஒரு பட்டாளத்துக்கே சோறு போட்டு வெச்சிருக்காங்க" என்று டென்பியிடம் அவர் சொல்ல, டென்பி சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். உன் அம்மாவிடம் சொல், மகிழ்ச்சியடைவார்.

அன்புடன்,
லவீனியா தார்ன்பரி


ஹாலிஃபாக்ஸ்,
9 மே

மதிப்பிற்குரிய திருமதி தார்ன்பரி அவர்களுக்கு,

அம்மாவிடம் சொல்லவில்லை.

அது பட்டாளத்துக்கான சோறு இல்லை. ஆறு பேருக்கான ராத்திரிச் சாப்பாடு. எங்கள் பக்கம் மத்தியானம் சாப்பிடுவதுதான் டின்னர். வேலை முடிந்து வந்து ஆறு மணிக்குச் சாப்பிடுவது டீ. உங்கள் வீட்டில் மத்தியானம் லஞ்ச், நாலு மணிக்கு டீ, எட்டு மணிக்கு டின்னர். பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் வாரமே இதைக் கற்றுக்கொண்டேன். வேறெந்தப் பாடத்தையும் நான் அவ்வளவு வேகமாகப் படிக்கவில்லை. ஈஸ்டருக்கு அம்மா "டீக்கு வாங்க" என்று உங்களுக்கு எழுதியபோது நான் ஊரில் இல்லை.

நீங்கள் நாலு மணிக்கே வந்தீர்கள். அம்மா அப்போதுதான் தொடைக்கறியை அறுத்துக்கொண்டிருந்தார். அரை ரொட்டித்துண்டு சாப்பிட்டீர்கள். விடுதியில் எட்டு மணிக்கு டின்னர் சொல்லியிருப்பதாக ஐந்து மணிக்கு எழுந்துவிட்டீர்கள். உங்களோடு உட்கார வேண்டும் என்பதற்காகவே அப்பா ஷிப்ட் மாற்றிக்கொண்டிருந்தார். ஆறு மணிக்குச் சீருடையோடு உள்ளே வந்து மேசையைப் பார்த்தார்.

"எங்க அவங்க?"

"போயிட்டாங்க கிளிஃபர்ட்."

"சாப்பிட்டாங்களா?"

"டீக்கு வாங்கன்னுதானே எழுதினேன்? வேற ஏதாவது எழுதிட்டேனா?" அம்மா என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் படித்தவள் அல்லவா.

பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய நாற்காலிகளை அப்பாவே திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தார். "அதுக்குள்ள விருந்து முடிஞ்சுதா?" என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். "அவங்க ரொம்ப தூரம் போகணும்ல" என்றாராம்.

இப்போது கிளன். நடையில் இடமில்லை என்றதும் அப்பா லீவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சனிக்கிழமை காலை ஷிப்ட் முடித்து, மான்செஸ்டரிலும் ஷ்ரூஸ்பரியிலும் ரயில் மாறி, கிரேவன் ஆர்ம்ஸில் இறங்கி டாக்ஸி பிடித்தால் கிளன் வந்து சேர ஆறு மணி ஆகும். டீக்குச் சரியாக இருக்கும் என்று அவர்கள் இருவருக்கும் சந்தோஷம். நாலு மணியா ஆறு மணியா என்ற யோசனையே அவர்களுக்கு வரவில்லை. அம்மா கோட்டுக்குப் புதுப் பொத்தான்கள் தைத்துக்கொண்டிருக்கிறார்.

ஆறு மணிக்கு நீங்கள் மேசையில் இருப்பீர்களா? இல்லாவிட்டால் எட்டு மணிச் சாப்பாட்டை எட்டுப் பேருக்குச் சொல்ல முடியுமா? இரண்டில் ஒன்றை எழுதினால் போதும். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

பிரெண்டா ஹோல்ராய்ட்


தி ஓல்டு ரெக்டரி,
14 மே

அன்புள்ள பிரெண்டா,

பேசாதவர்கள் எழுத ஆரம்பித்தால் இப்படித்தான் போலிருக்கிறது.

நீ வெளிப்படையாக எழுதியிருக்கிறாய், நானும் எழுதுகிறேன். உங்கள் பக்கம் டீ என்றால் என்னவென்று எனக்கு ஈஸ்டரன்றே தெரியும். காரில் ஏறியதுமே ஜெஃப்ரி சொன்னார்: "லவீனியா, அதுதான் அவங்க ராத்திரிச் சாப்பாடு. நாம பாதியில எழுந்து வந்துட்டோம்." திரும்பிப் போயிருக்கலாமே என்பாய். போய் என்ன சொல்வது? சில தவறுகளைத் திருத்தப் போனால்தான் அசிங்கம்.

ஷ்ராப்ஷயரில் டீ நாலு மணிக்கு. ஆறு மணிக்கு நான் குளியல் தொட்டியில் இருப்பேன். எட்டு மணி மேசை ஆறு பேருக்குத்தான். உன் பெற்றோர் வருவார்கள், நாங்கள் கீழே இருக்க மாட்டோம், விடுதிக்காரர் ஏதாவது சூடாகக் கொடுப்பார், ஒரு வார்த்தையால் வந்த குழப்பம் என்று எல்லோரும் சிரித்துவிடுவோம். யாருக்கும் யார் மேலும் வருத்தம் இருக்காது. சொல்லைத் தேர்ந்தெடுத்துத்தான் எழுதினேன், ஒத்துக்கொள்கிறேன். அது இரக்கம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். மூன்று முள்கரண்டிகளுக்கும் டென்பிக்கும் நடுவில் உன் அப்பாவை இரண்டு மணி நேரம் உட்கார வைப்பது மட்டும் இரக்கமா?

செப்டம்பரில் கல்யாணத்துக்கும் இப்படிச் சில ஏற்பாடுகள் தேவைப்படும். நீ அதைப் புரிந்துகொள்வாய். நீ இப்போது பெரும்பாலும் எங்களைப் போலத்தான் ஆகிவிட்டாய். இதைப் பாராட்டாக எடுத்துக்கொள், நான் அடிக்கடி பாராட்டுகிறவள் இல்லை.

மழை அங்கியை மறக்காதே. லாங் மிண்ட் மேல் எந்த நேரமும் மழை வரும்.

லவீனியா தார்ன்பரி


ஹாலிஃபாக்ஸ்,
20 மே, ஞாயிறு

திருமதி தார்ன்பரி அவர்களுக்கு,

நேற்று ஜூலியன் லண்டனிலிருந்து லீட்ஸ் வந்திருந்தார். ஸ்டேஷன் எதிரே உள்ள கடையில் உட்கார்ந்து உங்கள் கடிதத்தை அவர் முன் வைத்தேன். படித்தார்.

"அம்மா அப்படித்தான், ப்ரென்."

"நீ எப்படி?"

"நான் என்ன பண்ணட்டும்? அவங்க கோடு போட்டாச்சு. ஒரே ஒரு டீ. இதுக்குப் போயா?"

"எங்கப்பா ஆறு மணிக்கு அங்க வந்து நிப்பார், ஜூலியன்."

"நாலு மணின்னு சொல்லிடேன்."

"நாலு மணிக்கு அவர் ரயில்ல இருப்பார்."

"அப்ப வர வேணாம்னு சொல்லிடு. உங்கம்மாப்பா ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாங்க. ரொம்ப நல்லவங்க அவங்க."

சொல்லிக்கொண்டே உங்கள் கடிதத்தை எடுத்தார். நீங்கள் மடித்திருந்த மடிப்பிலேயே, ஓரம் ஒட்டி ஓரம் வைத்து மடித்து, உறைக்குள் போட்டார். உங்கள் மடிப்பு கலைந்துவிடக் கூடாது என்று அவர் விரல்கள் பட்ட கவலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் சொன்னது சரி, நான் எல்லாவற்றையும் பார்க்கிறேன். நிச்சயதார்த்த மோதிரத்தைக் கழற்றி அந்த உறையின் மேல் வைத்தேன். "இது என்ன நாடகம்?" என்றார். கோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் உங்களைப் போல ஆகிவிட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் பல முறை படித்தேன். உண்மை இருக்கிறது. சீட்டு வந்த அன்று எங்கள் வீட்டில் நேரத்தைச் சந்தேகப்பட்டது நான் ஒருத்திதான். அம்மா பொத்தான் வாங்கக் கிளம்பிக்கொண்டிருந்தார், நான் நீங்கள் எந்தக் கணக்கில் அந்தச் சொல்லை வைத்தீர்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் மனம் போகும் வழி எனக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

வீட்டில் இன்னும் எதுவும் தெரியாது. குளிருகிறது என்று நேற்றிலிருந்து கையுறையைக் கழற்றாமல் சுற்றிக்கொண்டிருக்கிறேன். அம்மா இந்த ஒரு வாரமாக வேலை முடிந்து பஸ்ஸில் வராமல் மேடு ஏறி நடந்தே வருகிறார். "கிளன்ல மேட்டு மேல இடிஞ்ச கோட்டை ஒண்ணு இருக்காம். டீ முடிஞ்சு அவங்க போய்ப் பார்க்கலாம்னு கூப்பிட்டா நான் மூச்சு வாங்கிட்டு நிக்கக் கூடாது பாரு" என்கிறார். அப்பா விடுவாரா? "அவங்க கூப்பிட்டா உடனே கிளம்பிடாதே எட்னா. ஒரு வாரம் கழிச்சு சீட்டு வரும், அதைப் பார்த்துட்டுப் போ" என்கிறார். அம்மா அவர் மேல் துணியை விட்டெறிந்தார். நானும் சிரித்தேன்.

கல்யாணம் நின்றதை நானே சொல்லிக்கொள்வேன். கொஞ்ச நாள் போகட்டும். எனக்கு மனசு மாறிவிட்டது என்பேன். நல்ல பையனை விட்டாயே என்று அம்மா என்னைத் திட்டுவார், தெருவுக்கு என்ன பதில் சொல்வது என்பார். திட்டட்டும். நான் படித்ததால் வந்த திமிர் என்றுகூட நினைக்கட்டும். தங்களால்தான் என்று அவர்கள் இருவரும் நினைத்துவிடக் கூடாது. அது ஒன்றுதான் எனக்கு வேண்டும்.

ஆனால் சனிக்கிழமைக்கு அதிக நாள் இல்லை. போக வேண்டாம் என்று நான் சொன்னால் அம்மா என் முகத்தைப் பார்ப்பார். எனக்குப் பொய் வராது, கழுத்து வரை சிவந்துவிடும். உங்களுக்கு நன்றாக வரும். குத்திக்காட்டுவதற்காக இதை எழுதவில்லை. உங்களிடம் இருப்பதில் எனக்கு இப்போது தேவைப்படுவது அது மட்டும்தான்.

தயவுசெய்து அம்மாவுக்கு உங்கள் கையாலேயே ஒரு கடிதம் எழுதுங்கள். புதன்கிழமைக்குள் வந்து சேர வேண்டும். கணுக்கால் சுளுக்கிக்கொண்டது, டாக்டர் நடக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார், எல்லாம் நின்றுவிட்டது, சனிக்கிழமை அவர்கள் இருவரோடும் உட்கார்ந்து சாப்பிட எவ்வளவு ஆசையாகக் காத்திருந்தீர்கள் என்று எழுதுங்கள். நேரம் எதுவும் போட வேண்டாம். மற்றதையெல்லாம் அம்மா நம்பிவிடுவார்.

பிரெண்டா ஹோல்ராய்ட்