மீன் தின்ற பென்குவின்

அன்புள்ள அப்பாவுக்கு, ஆஷா தோத்திரம் சொல்லி எழுதுவது. உங்கள் மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? ஈரக்காற்றில் வெளியே படுக்காதீர்கள். நான் சுகம்.

போனில் சொன்னால் குரலை வைத்தே பயந்துவிடுவீர்கள் என்று எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை கம்பெனியில் துணி செக்கிங் செய்துகொண்டிருந்தபோது கண் இருட்டி விழுந்துவிட்டேன். அடி இல்லை. பனியன் குவியல்மேல்தான் விழுந்தேன். அத்தனையிலும் ஒரே பென்குவின் படம்.

ஆர்டரைக் கவனிக்கும் தரணி அக்கா தண்ணீர் தெளித்து, "ஏங்கண்ணு, காலைல சாப்பிட்டியா இல்லியா?" என்றார். நான் ஒரு பனியனைத் தூக்கிக் காட்டி, இது என்ன படம் என்று கேட்டேன்.

"லினக்ஸ்னு ஒரு கம்ப்யூட்டர் சாப்ட்வேரோட சின்னம் கண்ணு. அதைய ஆரம்பிச்சவரு, வயிறு நெறைய மீன் தின்னுபோட்டு நிம்மதியா உக்காந்திருக்கற மாதிரி பென்குவின் வேணும்னாராமா."

அந்த சாப்ட்வேர் எல்லோருக்கும் இலவசமாம். அதன்மேல் பிரியம் உள்ளவர்கள் கட்சிக்கொடி போல இந்தப் படத்தை மார்பில் போட்டுக்கொண்டு திரிவார்களாம். கேட்டுக்கொண்டேன். பிறகு எழுந்து மிச்சத்தைச் செக்கிங் செய்தேன். அப்புறம் மயக்கம் ஒன்றும் வரவில்லை.

முடிந்தால் நெத்திலிக் கருவாடு கொஞ்சம் அனுப்புங்கள். ஹாஸ்டலில் சுட விடமாட்டார்கள். பரவாயில்லை, பெட்டியில் இருக்கட்டும். அம்மாவின் பழைய சேலை ஒன்றையும் வைத்து அனுப்புங்கள், போர்த்திக்கொள்ள.

கம்பெனி வேன் வந்துவிட்டது. கறை பட்டு ஒதுக்கிய பனியன் ஒன்றை அக்கா கொடுத்தார், இதோடு அனுப்புகிறேன். நான் சாப்பிட்டேனா என்று கேட்கத் தோன்றும்போது அந்தப் பென்குவினைப் பாருங்கள்.

உங்கள் மகள்
ஆஷா