சாப்பாடு திறந்த நேரத்தில் வாசித்த பாட்டு

உம்முடைய இறுதிச் சடங்கில் நான் முதலில் அழுதது வேறொருவருக்காக என்பதை இன்று ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஜெர்மனியின் எசன் நகரில் அந்த மயானத்துக்குள் இரண்டு சிற்றாலயங்கள் இருப்பது எனக்குத் தெரியாது. பிந்திப் போன பதற்றத்தில் இடப்பக்கத்தில் இருந்ததற்குள் நுழைந்து, இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து, பெட்டியைப் பார்த்ததும் குலுங்கிக் குலுங்கி அழுதேன். பக்கத்தில் இருந்த ஜெர்மன்காரர் கைக்குட்டை தந்து, "அம்மாவை உங்களுக்கு எப்படிப் பழக்கம்?" என்று கேட்டார். அந்த 'அம்மா' காதில் விழாமல், "சனிக்கிழமைகளில் சேர்ந்து வாசிப்போம்" என்று சொல்லிவிட்டேன்; ஜெர்மனில் வாசிப்புக்கும் விளையாட்டுக்கும் ஒரே சொல். அவர் என்னை மேலும் கீழும் பார்த்த பார்வையில்தான், அந்த மூதாட்டியின் நல்ல பெயருக்கு நான் செய்த சேதம் புரிந்தது.

இன்று ஒரு கலியாண வீட்டுக்குப் போக அதே கறுப்புக் கோட்டை எடுத்தேன். பையிலிருந்து அந்த அம்மாவின் படம் போட்ட அட்டை விழுந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, கோட்டைக் கதிரையில் போட்டுவிட்டு, உமக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். கலியாணம் எப்படியும் பிந்தித்தான் தொடங்கும்.

நாம் பேசியது ஜெர்மனில். உம்முடையது வேல்ஸ் மணக்கும் ஜெர்மன், என்னுடையது யாழ்ப்பாணம் மணக்கும் ஜெர்மன். இரண்டும் சேர்ந்து ஓடும்போது ஜெர்மன்காரர் எவரும் குறுக்கே வரத் துணிந்ததில்லை. இத்தனை வருடத்தில் நீர் சொன்னதெல்லாம் என் தலைக்குள் தமிழாகிவிட்டது. அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளும்.

எங்கள் இசைக்குழுவின் கீபோர்ட்காரன் கனடாவுக்கு மாப்பிள்ளையாகப் போன கிழமைதான் உம்மைச் சந்தித்தேன். அவன் விட்டுப்போன கீபோர்ட்டில் பாதிக் கட்டைகள் ஒட்டிக்கொண்டு எழும்ப மறுத்தன. இசைக்கருவிக் கடையின் பின்னறையில் பழுதுபார்ப்பவராக இருந்த நீர் அதைத் திறந்து, சிறு இடுக்கியால் வெள்ளையாக ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தீர்.

"மீன் முட்டையோ?"

"சவ்வரிசி. பாயாசம்."

"இதை ஏன் கீபோர்ட்டுக்குள்ள ஊத்தினனீர்?"

"கலியாண வீடு" என்றேன், அதற்கு மேல் விளக்கம் எதற்கு என்பதைப்போல. நீரும் மேலே கேட்கவில்லை. துடைத்து மூடிவிட்டு, சரிபார்க்க என்று பத்து விரலையும் ஒரு ஓட்டம் ஓட விட்டீர். நான் வாயைத் திறந்தபடி நின்றேன். மூடும்போது வெளியே வந்த கேள்வி: "வாற சனிக்கிழமை உமக்கு வேலையோ?"

சனிக்கிழமைகளில் கலியாண வீடுகளுக்காக வான் வண்டியில் ஹனோவருக்கும் திரும்பவும் ஓடிய ஓட்டத்தில்தான் உம்முடைய வாழ்க்கை துண்டுதுண்டாக எனக்குக் கிடைத்தது. நிலக்கரிச் சுரங்க ஊர். ஞாயிறுகளில் தேவாலயத்தில் ஆர்கன். பதினேழு வயதில் அதை விட்டுவிட்டு ஒரு றொக் இசைக்குழுவோடு ஓட்டம். மழையில் பேருந்தைத் தவறவிட்ட ஒருவனைப் பற்றி நீர் எழுதிய பாட்டு உம்முடைய நாட்டில் ஒரு காகத்தையும் திரும்பிப் பார்க்க வைக்கவில்லை. ஜெர்மனியில் வீடுவீடாக ஒலித்தது. தொலைக்காட்சியில் வெள்ளிநிறக் காற்சட்டையோடு தோன்றினீர். அந்தப் படத்தை எனக்கு மட்டும் காட்டினீர். நான் குழுவில் எல்லோருக்கும் காட்டினேன். பிறகு ஒருநாள் உம்முடைய நண்பர்கள் உமது வாசிப்பையெல்லாம் ஒரு இயந்திரத்தில் பதிந்துகொண்டு, உம்மை அனுப்பிவிட்டார்கள். நீர் எசனில் தங்கியது ஒரு பல் வைத்தியரின் உதவியாளரைக் காதலித்து. காதல் மூன்று வருடம் நின்றது. பற்கள் கடைசிவரை நன்றாக இருந்தன.

எங்களோடு எல்லாப் படப்பாட்டும் வாசித்தீர். சோகப் பாட்டுக்குள் உமது தேவாலயத்து இசையை மெல்லச் செருகுவீர். பந்தியில் இருந்த அன்ரிமார் காரணம் தெரியாமல் கண்ணைத் துடைப்பார்கள். உம்முடைய பாட்டை மட்டும் தொடமாட்டீர். நாங்களும் கேட்கவில்லை. அது வதனி அக்காவின் காதில் விழும்வரை.

எங்கள் பாடகி வதனி அக்காவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. அங்கே வானொலியில் உம்முடைய பாட்டும் போய், பின்னால் உமது பெயரும் போயிருக்கிறது. அடுத்த ஒத்திகைக்குக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றார்.

"என்ன அண்ணை, எங்கட இல்லத்தில ஒரு கிழவி உந்தப் பாட்டுக்குத்தான் முதல் முத்தம் வாங்கினவவாம். நீங்கள் என்னெண்டா இஞ்ச இருந்து கொட்டாவி விட்டுக்கொண்டு வாசிக்கிறியள். வாற கலியாணத்தில அதை வாசிக்கிறியள்."

"ஏலாது" என்றீர். நீர் பழகிய முதல் தமிழ்ச் சொல் அது. பிழையில்லாமல் உச்சரிப்பீர்.

"என்ன ஏலாது? உங்களோட கதைக்க டெர்மின் போட்டு நேரம் எடுக்கோணுமோ?"

அப்போதுதான் சொன்னீர், கட்டைகளைப் பார்த்தபடி: "நான் உருப்படியா எழுதினது அந்த ஒண்டுதான் அக்கா. வாசிச்சு ஒருத்தரும் ஆடேல்லையெண்டா அதுவும் செத்துப்போகும். இப்ப எங்கயோ உயிரோட கிடக்குது. கிடக்கட்டும்."

வதனி அக்கா அப்போதுதான் கோட்டைக் கழற்றினார். பிறகு சொன்னார்: "சரி, அப்ப சாப்பாடு திறக்கேக்க வாசியுங்கோ. எங்கட சனம் ஒருத்தரும் மேடையைப் பாக்க மாட்டினம். ஆடேல்லையெண்டா அது ஆட்டிறைச்சியின்ர பிழை. உங்கட பாட்டின்ர பிழையில்லை."

இப்படியொரு தந்திரம் எங்கள் ஆட்களைத் தவிர வேறு எவருக்குத் தோன்றும்! நீர் சிரித்துவிட்டீர். "ஓம்" என்றும் சொல்லிவிட்டீர்.

மாதா கோயிலில் தாலி கட்டி முடிந்து, மண்டபத்துக்கு வந்த மத்தியானம். "சாப்பாடு ஆயத்தம்" என்ற அறிவிப்பு முடியமுதல் மண்டபம் எழுந்தது. கதிரைகள் கிறீச்சிட்டன. ஒரு நிமிடத்தில் மேடைக்கு முன்னால் வெறும் மேசைகள். சுவரோரமாக நீண்ட வரிசை. நீர் தலையைக் குனிந்துகொண்டு, களவெடுப்பவரைப்போலத் தொடங்கினீர். உமது காது சிவந்திருந்தது. முதல் அடி முழுவதும் தண்ணீர்ப் போத்தல்களுக்காகத்தான் வாசித்தீர்.

நாங்கள் ஒன்றை மறந்துபோனோம். மாப்பிள்ளையோடு வேலை செய்யும் ஜெர்மன்காரர் ஒரு மேசை நிறைய இருந்தார்கள். எங்கள் வழக்கம் தெரியாத அப்பாவிகள். யாராவது வந்து அழைப்பார்கள் என்று மரியாதையாகக் காத்திருந்தார்கள். அவர்களில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கையிலிருந்த கைதுடைப்பைக் கீழே வைத்தார். எழுந்தார். கணவரையும் இழுத்துக்கொண்டு வெறும் தரைக்கு வந்து ஆடினார். பின்னால் மேசை முழுவதும் வந்தது. வதனி அக்கா எங்களுக்கும் சொல்லாமல் பாடமாக்கி வந்த ஆங்கில வரிகளை நல்லூர்க் கோயில் தேர் அசைந்து போகிற வேகத்தில் பாடத் தொடங்கினார்.

வரிசை திரும்பிப் பார்த்தது. பிறகு வரிசை கலைந்தது. ஆட்டிறைச்சிக் கறிக்கு முதுகைக் காட்டி எங்கள் சனம் நடந்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். மணமகளின் பெரியப்பா ஒரு கையில் பொரித்த ரோல்ஸோடு ஆடினார், கடிக்கவும் மறக்கவில்லை. நீர் அப்போதுதான் தலையை நிமிர்த்தினீர். வெள்ளிநிறக் காற்சட்டைப் படத்தில் இருந்த அதே முகம்.

என் பங்கையும் சொல்லத்தானே வேண்டும். தாழ்ந்த சுருதி போடும் பேஸ் கிற்றாரோடு உமக்குப் பின்னால் நின்றேன். ஒவ்வொரு அடியும் என் நெஞ்சில் அதிர்ந்தது. இரண்டாம் சரணத்தில் உமது வலது கை தடுமாறியபோது நான் பாறைபோல நின்று பிடித்தேன். நீர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தீர். பாட்டு முடிந்து, இறைச்சியும் முடிந்து, வெறுஞ்சோறும் பருப்பும் சாப்பிட்டுக்கொண்டு எல்லோரிடமும் சொன்னீர்: "இவர் பின்னால நிக்காட்டி நான் விழுந்திருப்பன்."

அந்த மாரிகாலத்துக்குள் நாலு புதுப் பாட்டு எழுதினீர். ஒவ்வொன்றையும் தொலைபேசியில் வாசித்துக்காட்டுவீர், நான் பல்தீட்டிக்கொண்டு கேட்பேன். கடைசிவரை எழுதுவதை நிறுத்தவில்லை. அவற்றில் ஒன்று வதனி அக்காவின் இல்லத்தில் இன்றும் கிழமைக்கொரு தடவை போகிறது; வைத்தியசாலைக் கட்டிலில் அதைச் சொல்லித்தான் உம்மைக் கடைசியாகச் சிரிக்கவைத்தேன். அந்த மத்தியானத்தை நான் போகிற இடமெல்லாம் காவிக்கொண்டு திரிகிறேன். புகழ்பெற்ற ஒரு கலைஞனை விழாமல் பிடித்தவன் என்று வாய் கூசாமல் சொல்லியும் வருகிறேன்.

போன மாதம் மணமகள் அந்தக் கலியாண வீடியோவை எனக்கு அனுப்பியிருந்தாள். பாட்டு முழுவதும், ஒலிபெருக்கிக்குப் போகவேண்டிய என் கிற்றார் வயர் நிலத்தில் கழன்று கிடக்கிறது. பேஸ் வாசித்தது உம்முடைய இடது கை.