மேல்மாடியும் நானும் ஒரு வண்டியும்

மார்ச் 3, திங்கள்

பெட்ரோல் விலை மறுபடியும் ஏறிவிட்டது. ஊருக்கு இருந்த ஒரே டவுன் பஸ்ஸையும் டீசல் கட்டுப்படியாகவில்லை என்று போன மாதமே நிறுத்திவிட்டார்கள். ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் கொடுக்க வந்தவர்கள்கூட இன்று சர்க்கரையைப் பற்றிப் பேசவில்லை, பெட்ரோலைத்தான் பேசினார்கள். ஒருவர் ஊசி குத்தியதே தெரியவில்லை என்றார். என் கைராசி என்று பூரித்துப்போனேன். வரும் வழியில் பெட்ரோல் பங்கில் குத்தியதைவிட இது பரவாயில்லையாம்.

மார்ச் 4, செவ்வாய்

வீட்டுக்காரருக்கு ஞானோதயம். "அண்ணியும் நீயும் ஒரே தெருவுக்குத்தானே வேலைக்குப் போறீங்க. ஒரே வண்டியில போனா என்ன?"

என்னவா? மேல்மாடியில் இருக்கும் அவருடைய அண்ணியும் நானும் பேசி ஒரு வருஷம் ஆகப்போகிறது. தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு நிறுத்த மறந்தது யார், தொட்டி வழிந்தது யாரால் என்று தொடங்கி, யார் வீட்டு வளர்ப்பு எப்படி என்பதில் போய் நின்றது. மோட்டாரை அன்றைக்கே நிறுத்திவிட்டோம். வாயைத்தான் நிறுத்தவில்லை. அப்புறம் ஒரேயடியாக நிறுத்திவிட்டோம். அண்ணன் தம்பி பேசாவிட்டால் ஊரே பஞ்சாயத்துக்கு வரும். ஓரகத்திகள் பேசாவிட்டால் வீடு நிம்மதியாக இருக்கிறது என்கிறார்கள்.

முடியாது என்றேன். பேசச் சொல்லவில்லை, போகத்தான் சொன்னேன் என்றார்.

மார்ச் 10, திங்கள்

ஒப்பந்தம் ஆகிவிட்டது. வண்டி என்னுடையது, ஏனென்றால் மேல்மாடியின் வண்டி குடிகார வண்டி. பெட்ரோல் ஒரு வாரம் நான், அடுத்த வாரம் மேல்மாடி. எல்லாம் கணவன்மார் வழியாகப் பேசி முடித்தது.

காலையில் மேல்மாடி இறங்கி வந்தது. பின்னால் உட்கார்ந்தது. ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டது. நானும் இறக்கிவிட்டேன். தலையைக் காப்பாற்ற வாங்கிய ஹெல்மெட் மானத்தையும் காப்பாற்றுகிறது. நான் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்த, அது இறங்கி எதிரே மின்வாரிய ஆபீசுக்குள் போய்விட்டது.

மார்ச் 12, புதன்

வேகத்தடையில் கொஞ்சம் தூக்கிப் போட்டுவிட்டது. தெரியாமல்தான்.

சரி, தெரிந்தேதான்.

மார்ச் 20, வியாழன்

மழை. மேல்மாடியிடம் ஒரே ஒரு பிளாஸ்டிக் கவர். அதை என் பைக்கு மாட்டியது. தன் பை நனைந்தது. எதற்கு? நான் கேட்டேனா? இப்போது நன்றி வேறு சொல்லித் தொலைக்க வேண்டும். சொல்லவில்லை.

ஒன்றை எழுதிவிடுகிறேன், வேறு யாரிடம் சொல்ல. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு வாய்த்த பேச்சுத்துணை அவள் ஒருத்திதான். லேபில் நடப்பதை எல்லாம் இப்போது இந்த மனிதரிடம் சொல்கிறேன், "ம்" என்கிறார். "ம்" கேட்கவா நான் கல்யாணம் பண்ணிக்கிட்டேன்? அவள் பேசாதது எனக்கு வலிக்கத்தான் செய்கிறது.

ஏப்ரல் 2, புதன்

நடுரோட்டில் வண்டி நின்றுவிட்டது. சொட்டு பெட்ரோல் இல்லை.

வண்டியில் பெட்ரோல் முள் வேலை செய்து எத்தனையோ காலம். நடுவில் எனக்கு நாலு நாள் காய்ச்சல், வார முறை குழம்பிவிட்டது. இது மேல்மாடியின் வாரம் என்று நான். என் வாரம் என்று மேல்மாடி. கேட்டிருக்கலாம். கேட்பதென்றால் பேச வேண்டும். பேசுவதென்றால் யார் முதலில்? பங்கைத் தாண்டும்போது இரண்டு ஹெல்மெட்டும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தன. இரண்டுமே வாயைத் திறக்கவில்லை.

இப்போது அதே பங்குக்குத் திரும்பித் தள்ளு. நான் ஹேண்டிலைப் பிடிக்க, மேல்மாடி பின்னால் தள்ளியது. மண்டையைப் பிளக்கிற வெயில். தெரிந்தவர்கள் பார்த்துவிடக் கூடாதே என்று ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. அப்படியும் பழக்கடைக்காரர் கண்டுபிடித்துவிட்டார். வண்டிக்கு நடை பழக்குகிறீர்களா என்று கேட்டார்.

பின்னால் தள்ளுவது நின்றது. திரும்பிப் பார்த்தால் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்திருக்கிறது.

"பெட்ரோல் இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டா வாயிலேருந்து முத்தா கொட்டிடும்?"

"நீங்க கேட்டிருக்கலாமே அக்கா."

அக்கா! பழக்க தோஷம், வாய் முந்திக்கொண்டது. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தது... பார்த்தார். தொட்டி நிறைந்தால் சண்டை, டேங்க் காய்ந்தால் கூத்து, நம்மை மாதிரி உண்டா என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும். பங்குக்குப் போய்ச் சேரும்வரை சிரித்துத் தீரவில்லை. அன்றைக்கு மோட்டாரைப் போட்டது யார் என்று இரண்டு பேரும் கேட்கவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

ஒரு வருஷக் கதை பாக்கி இருக்கிறது, வழி போதவில்லை. இன்று ஆற்றுப்பாலம் சுற்றிப் போனோம். பெட்ரோலை மிச்சம் பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு என்பதை இங்கே குறித்துவைக்கிறேன்.

ஏப்ரல் 18, வெள்ளி

டவுன் பஸ் திங்கட்கிழமை முதல் மறுபடி ஓடுகிறதாம். தெருமுனையிலேயே நிற்குமாம். பாஸ் எடுத்தால் பெட்ரோலில் பாதிகூட ஆகாது. அண்ணனும் தம்பியும் போய் எங்கள் இருவருக்கும் பாஸ் வாங்கி வந்துவிட்டார்கள்.

"பாவம், ரொம்ப சிரமப்பட்டுட்ட," என்கிறார் வீட்டுக்காரர். "பஸ்ல நீ முன்னாடி உக்காரு, அண்ணி பின்னாடி உக்காரட்டும்." மனிதருக்குக் கண் இருக்கிறது, கண்ணாடியும் இருக்கிறது.

அக்கா சிக்கனக்காரர். மேலே போய் ஒரு வார்த்தை கேட்கலாம். கேட்டு, பஸ்தான் என்று சொல்லிவிட்டால்? அந்தக் கூட்டத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்ன பேச முடியும்?

ஏப்ரல் 20, ஞாயிறு

கேட்கவில்லை. பட்டும் புத்தி வரவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

பாஸைப் பையில் வைத்துக்கொண்டேன். ஹெல்மெட்டை எடுத்தேன், திரும்ப ஆணியில் மாட்டினேன். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

அக்கா என் வண்டி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். தலையில் ஹெல்மெட், கண்ணாடி மேலே தூக்கியிருந்தது.

"பஸ் போயிடுச்சா?" என்று கேட்டார்.

"இன்னும் வரலக்கா."

"அப்ப சீக்கிரம் வண்டிய எடு. வந்துடப் போகுது."

ஹெல்மெட் எடுக்க உள்ளே ஓடினேன்.