அசிசியில் விட்ட சப்பாத்து

டோர்ட்மண்ட்,
21.06.1988

என் அன்பு மலருக்கு,

என் சுகத்தை எழுதமுதல் உம்முடைய சுகத்தைக் கேட்கிறேன். மே மாதத்துக்குப் பிறகு ஒரு வரியும் இல்லை. குற்றம் தபால்காரருடையதா, உம்முடையதா?

முதலில் நல்ல செய்தி. உம்மை இங்கே எடுக்கிற பத்திரங்கள் சரிவந்துவிட்டன. ஓகஸ்ட் 22 கொழும்பு ஜெர்மன் தூதரகத்தில் உமக்கு டேர்மின், நேரில் போகவேண்டிய நாள். அந்த நாளைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது கிடைக்குமோ தெரியாது. கட்டாயம் போம்.

இரண்டாவது, போன கிழமை நான் இத்தாலி போய்வந்தேன்! எங்கள் பங்குக் கோவிலிலிருந்து அசிசிக்கு பஸ் விட்டார்கள். ஒருவர் வருத்தமென்று படுத்துவிட, "சூசை, நீ ஏறு" என்று பங்குச் சுவாமி சொல்லிவிட்டார். எல்லையில் பொலிஸ்காரன் என் அகதிப் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு தந்துவிட்டான்.

பிரான்சிஸ்கு அசிசியார் பிறந்த ஊரல்லவா! மலைச்சரிவில் வீடு, மதில், படி எல்லாம் ஒரே கல்லு. காலையில் வெள்ளை, பின்னேரம் ரோசா. எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டி நிற்கவேண்டிய ஒழுங்கைகள். சதுக்கத்தில் உரோமர் காலத்துக் கோவில், ஆறு பெரிய தூண். உள்ளே போனால் எங்கள் மாதா இருக்கிறா! அசிசியாரின் கோவில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு. மேல்கோவில் சுவரில் அவர் பறவைகளுக்குப் பிரசங்கம் வைக்கிற சித்திரம். ஒரு பறவைகூடக் கொட்டாவி விடவில்லை. எங்கள் பாசையூர்ச் சனத்தைவிட நல்ல சனம்.

சுவாமி எடுத்த படம் ஒன்று இதற்குள் வைத்திருக்கிறேன்.

உமது அன்புள்ள,
சூசைதாசன்


பாசையூர்,
12.07.1988

அன்புள்ள அவருக்கு,

கடிதமும் கிடைத்தது, படமும் கிடைத்தது. நீங்கள் மலையேறி ஊர் பார்த்த கிழமை இங்கே மூன்று நாள் ஊரடங்கு. அதை விடுங்கோ.

பக்கத்து வீட்டுப் பற்றிமா அக்கா படத்தைப் பார்த்துவிட்டு, உங்கள் காலடியைக் கண்ணாலே காட்டித் திருப்பித் தந்தா. அவவே வாய் திறக்காவிட்டால் விஷயம் பெரிசு. யன்னலடியில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன். உங்கள் காலில் நீலப்பூப் போட்ட பொம்பிளைச் செருப்பு. தோளில் மோதிரம் போட்ட ஒரு பொம்பிளைக் கை. கைக்குச் சொந்தக்காரி படத்துக்கு வெளியே நிற்கிறா.

கலியாணம் முடித்து ஏழு மாதம்தான் ஒன்றாக இருந்தோம். பிறகு நாலு வருசம் கடிதத்தில் குடும்பம் நடத்துகிறோம். ஒருத்தியின் செருப்பைக் காலில் மாட்டுகிற அளவுக்கு அங்கே பழக்கமென்றால் நான் ஏன் வரவேணும்? டேர்மினோ கீர்மினோ, நான் கொழும்புக்குப் போகமாட்டன்.

உள்ளதை எழுதுங்கோ. பூசி மெழுகினால் எனக்குத் தெரியும்.

மரியமலர்


டோர்ட்மண்ட்,
30.07.1988

என் மலர்,

ஐயோ, கர்த்தரே! அந்தக் கை எங்களோடு பஸ்ஸில் வந்த திருமதி ஹெட்விக்கினுடையது. வயது அறுபத்தெட்டு. ட்ராமில் டிக்கற் பார்த்துப் பென்சன் எடுத்தவ. காலில் ஆணி, நிற்க ஏலாமல் என் தோளைப் பிடித்தவ.

செருப்பின் கதையை வெட்கத்தில் மறைத்தேன். கேளும். டோர்ட்மண்டில் குளிருக்குச் சப்பாத்தோடுதான் பூசைக்குப் போகிறேன். அசிசியாரின் கல்லறை கீழே இருக்கிறது என்றதும் என்னை அறியாமலே கீழ்க்கோவில் வாசலில் கழற்றிவிட்டேன். நாற்பது பேரில் கழற்றியவன் நான் ஒருவன்தான். கும்பிட்டு, உள்ளேயுள்ள படிக்கட்டால் மேல்கோவிலுக்கு ஏறி, சித்திரம் பார்த்து வெளியே வந்தால் அது வேறு வாசல்! சப்பாத்து கீழே, நான் மேலே. சனம் ஊருக்குள் நடக்கத் தொடங்கிவிட்டது. பாஷை தெரியாத ஊரில் அவர்களைத் தவறவிட்டால் யாரிடம் கேட்பேன்? வெறுங்காலோடு பின்னால் ஓடினேன். கல்லுச் சூடு அடுப்புத்தான்.

சதுக்கத்தில் ஹெட்விக் கண்டுவிட்டா. "சூசை, உன்ரை சப்பாத்து எங்கை?"

"கோவில் வாசல்லை கழட்டி விட்டனான்."

"ஏன்?"

 ஏனென்று ஊரில் ஒருவரும் கேட்டதில்லையே. அவ சிரிக்கவில்லை. பஸ்ஸுக்குள் போடவென்று பையில் வைத்திருந்த செருப்பை எடுத்து, "போடு" என்றா. பெரிய கால் மனுசி, எனக்கு அளவாயிருந்தது. அந்தக் கோலத்தில்தான் சுவாமி படம் எடுத்தார். திரும்பி வரும்போது கீழ்வாசலில் சப்பாத்து இல்லை.

இவ்வளவும்தான். மலர், அந்த ஊரில் எதைப் பார்த்தாலும் இது மலரோடு பார்க்கவேண்டியது என்றுதான் மனம் அடித்துக்கொண்டது. நீர் வராவிட்டால் எனக்கு இங்கே ஒன்றுமே இல்லை. 22ஆம் திகதி போம். கெஞ்சிக் கேட்கிறேன்.

உமது,
சூசைதாசன்


கொட்டாஞ்சேனை, கொழும்பு,
19.09.1988

என்ரை அவருக்கு,

விசா கையில் வராமல் எழுதுவதில்லை என்றிருந்தேன். 22ஆம் திகதி தூதரகத்துக்குப் போனேன், வெள்ளிக்கிழமை விசா வந்துவிட்டது.

உங்கள் கடிதத்தைப் பற்றிமா அக்காவுக்கு வாசித்தேன். "இந்த அப்பாவி மனிசனைப் போய்ச் சந்தேகப்பட்டியேடி" என்று எனக்குத்தான் பேச்சு! முதலில் கண்ணைக் காட்டினது ஆர்? ஹெட்விக் அம்மாவுக்கு ஒரு பைக்கற் மிளகாய்த்தூள் கொண்டுவாறன். தின்னுவாவோ தெரியாது.

நாலு வருசத்தில் நீங்கள் வேறு ஆளாகியிருப்பீர்கள் என்று பயந்துகொண்டே இருந்தேன். கோவில் வாசலில் சப்பாத்தைக் கழற்றினீர்கள் என்று வாசித்ததும் அழுகை வந்துவிட்டது. நான் கட்டின அதே ஆள்தான்.

நீங்கள் உள்ளதை எழுதினபடியால் நானும் எழுதுகிறேன். மாறிப்போனது நான். போன ஒக்டோபர் ஷெல்லடிக்குள் எனக்குக் காய்ச்சல் கண்டது என்று எழுதினேன் அல்லவா? அதோடு தலைமயிர் பாதி கொட்டிப்போனது. மிச்சம் நரைத்துவிட்டது. கன்னமும் ஒட்டிவிட்டது. எனக்கு முப்பது வயது என்று யாரும் சொல்லமாட்டார்கள். உங்களிடம் இருப்பது கலியாணப் படம். அந்த மலரைக் கூப்பிட்டவர், இந்த மலர் வந்து இறங்கினால் என்ன செய்வார் என்ற பயம்தான், உங்கள்மேல் கோபமாக வந்தது. மன்னியுங்கோ.

ஒக்டோபர் 15, சனிக்கிழமை காலை ஃபிராங்க்பேர்ட்டில் இறங்குவேன். சனத்துக்குள் என்னைத் தேடித் திண்டாடவேண்டாம். நீங்கள் ஓரிடத்தில் அசையாமல் நில்லுங்கோ, நான் வந்து முன்னால் நிற்கிறேன். அவசரமில்லை. நல்லாய்ப் பார்த்துவிட்டு, பிறகு பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ.

உங்கள்,
மலர்