தபால்காரர் சூசை மறுபடியும் சாக வேண்டும்

அக்டோபர் 20, 1961. வெள்ளி

காலையிலிருந்து தூறல். ஐந்தாம் வகுப்புக் கூரை ஒழுகல். கொடியில் போட்ட புடவை ஈரமாகவே இருக்கிறது.

சாயங்காலம் வழக்கம்போல் எங்கள் முன்கூடத்தில் பூக் கட்டு. எதிர்வீட்டு லூர்தக்கா, பக்கத்து வீட்டு செல்வராணி, இன்னும் இரண்டு பேர். பத்திரிகை வந்துவிட்டது. செல்வராணி உரக்கப் படிப்பாள், மற்றவர்கள் கட்டிக்கொண்டே கேட்பார்கள். ‘ஆத்தூரான்’ எழுதும் துப்பறியும் தொடர். அந்த ஆத்தூரான் நான்தான் என்பது என் வீட்டுக்காரரைத் தவிர இந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் பள்ளிக்கூடத்து சிஸ்டர்கள் என்ன சொல்வார்களோ. டீச்சரம்மா கொலைக் கதை எழுதுகிறாள் என்று ஊர் சிரிக்கும்.

முதல் பாகம் வந்தபோது இதே கூடத்தில் கைகள் அப்படியே நின்றுவிடும். தபால்காரர் சூசை கிணற்றில் பிணமாகக் கிடந்த வாரம் பூவெல்லாம் வாடிப்போய், கடைக்காரரிடம் எல்லோரும் திட்டு வாங்கினார்கள். இன்று மூன்றாம் பாகத்தின் பெரிய அதிர்ச்சி: செத்த சூசை உயிரோடு வந்து கதவைத் தட்டுகிறார். ஒரு கை நிற்கவில்லை. சரம் சரமாக ஓடுகிறது.

லூர்தக்கா: “ஏன்டி, இவனுக்கு நான் போன கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி வச்சேன்டி! இப்ப வந்து கதவத் தட்டுறானா?”

எல்லோரும் சிரிப்பு. நானும் சிரித்தேன். காது சுட்டது.

அக்கா சொன்னது உண்மை. போன வருஷம் அவள் வீட்டுக்காரர் கல்லறையில் ஏற்றியது போக ஒன்று மிச்சம். ஓரமாக நட்டு, “அந்தத் தபால்காரனுக்கு யாரு இருக்கா, பாவம்” என்றாள். பக்கத்தில் நின்றேன். அன்றைக்கு எனக்கு வந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

அக்டோபர் 21. சனி

மழை விட்டது. துணி துவைப்பு. வெங்காயம், புளி வாங்க வேண்டும்.

ஏன் இப்படி ஆயிற்று? முதல் பாகத்தில் கொலைகாரன் யார் என்று முதல் வரி எழுதும்போதே எனக்குத் தெரியும். சொல்லாமல் வைத்திருந்தேன், அவ்வளவுதான். இப்போது எனக்கே தெரியாது. தெரியாததை மறைக்க வாரத்துக்கு ஒரு அதிர்ச்சி. போன மாதம் கொலைகாரன் என்று வக்கீல்மேல் சந்தேகம், அதற்கு முன் வக்கீலின் தம்பிமேல். இன்ஸ்பெக்டர் மதுரநாயகம் முன்பெல்லாம் செருப்புச் சேற்றைப் பார்த்து யோசிப்பார். இப்போது ஜீப்பில் ஏறுகிறார், இறங்குகிறார். மனிதர் யோசித்துப் பல மாதம் ஆகிறது.

இன்னும் பதில் சொல்லாமல் கிடப்பவை:
சிவப்புக் குடை யாருடையது.
பூட்டிய அறையில் இருமல்.
வக்கீல் மனைவி ஏன் கொடைக்கானல் போனாள் (போனாளா?).
மலையாளம் பேசும் குருடன். இவனை ஏன் கொண்டுவந்தேன் என்று சத்தியமாக நினைவில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், “புடிக்கலன்னா முடிச்சிரு. யாரு உன்னயக் கட்டி வச்சிருக்கா?” என்றார். கோபம் வந்தது. சரியாகச் சொன்னதால்தான்.

மதுரைக்கு, பத்திரிகை ஆபீசுக்குக் கார்டு எழுதிப் போட்டேன். முடித்துவிடுகிறேன் என்று.

அக்டோபர் 25. புதன்

பத்திரிகைக்காரரிடமிருந்து பதில். சனிக்கிழமை நேரில் வருகிறாராம். அவசரப்பட வேண்டாமாம். தலைவலி. ரசம் உப்புக் கரித்தது.

அக்டோபர் 28. சனி

வந்தார். மழையில் நனைந்து, பெரிய குடும்பத்துக்குக் காணும் அளவுக்குப் பழத்தோடு. பயந்துபோனேன். இவ்வளவு பழம் கொண்டுவருகிறவர் சும்மா போகமாட்டார்.

“நாலாம் பாகம் போட்டுருவம்மா. இன்ஸ்பெக்டர சிங்கப்பூர் அனுப்புவோம். கப்பல்ல ஒரு கொலை.”

“நான் ராமேஸ்வரத்துக் கப்பலையே தள்ளி நின்னுதான் பாத்திருக்கேன்.”

“வாசகருக்கு மட்டும் தெரியவா போகுது?”

அப்போது லூர்தக்கா பாலுக்கு உறை மோர் கேட்டு உள்ளே வந்தாள். வந்தவர் யார் என்று அவளுக்குத் தெரியாது. அவரே பேச்சுக் கொடுத்தார், ஆத்தூரான் தொடர் படிப்பீர்களா என்று.

“படிக்காம? வாராவாரம் கேட்டுட்டுத்தான இருக்கோம்.”

அவர் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. ஜெயித்துவிட்ட சிரிப்பு.

“நல்லாருக்காம்மா?”

“நல்லாருந்துச்சு. இப்ப பழகிப் போச்சுங்க. நல்லா வாழ்ந்த சொந்தக்காரன் கெட்டுப் போனா, வீட்டுக்கு வாரவன வெரட்டவா முடியும்? அது மாதிரி.” டம்ளரை வாங்கிக்கொண்டு வாசலில் நின்று, “செத்தவனெல்லாம் எந்திரிச்சு வந்தா அப்புறம் சாவுக்கு என்ன மரியாத? நாங்க அழுதது பொய்யா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அவர் தொண்டையைக் கனைத்துவிட்டு, நீங்கள் நிறுத்தினால் வேறு ஆளை வைத்து எழுத வேண்டியிருக்கும், ஆத்தூரான் என்ற பெயர் பத்திரிகைக்குச் சொந்தம் என்றார்.

என் ஊர்ப் பெயர். பிறந்த வீட்டைக் கேட்ட மாதிரி இருந்தது. ஆனால் வாய் தானாகச் சொன்னது: “பேர வச்சுக்கோங்க. சூசைய மட்டும் நான் முடிச்சுத் தந்துர்றேன்.”

ஒரே ஒரு அத்தியாயம் என்று ஒத்துக்கொண்டு போனார். பஸ் ஏறியிருப்பார் என்று நினைத்த நேரத்தில் ஒரு சீத்தாப்பழத்தைப் பிட்டுத் தின்றேன். பிறகு இன்னொன்று. எத்தனை நாளாயிற்று இப்படி ருசித்துத் தின்று.

அக்டோபர் 29. ஞாயிறு

பூசைக்குப் போனோம். பிரசங்கம் காதில் விழவில்லை, மன்னிக்கவும் ஆண்டவரே. திரும்பி வந்து ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். வந்தவன் சூசை இல்லை. காக்கிச் சட்டையைத் திருடிப் போட்டுக்கொண்டு ஊரை மிரட்டிய பயல். சூசை கிணற்றில் செத்தது செத்ததுதான். இன்ஸ்பெக்டர் ரொம்ப நாளைக்கு அப்புறம் செருப்பைப் பார்த்தார். தபால்காரன் நடந்து நடந்து தேய்ந்த செருப்பா இது என்று கேட்டார். குருடனை ரயில் ஏற்றிவிட்டேன். குடை யாருடையதாகவும் இருந்துவிட்டுப் போகட்டும்.

நவம்பர் 2. வியாழன். கல்லறைத் திருநாள்

வானம் வெளுப்பு. சேறு. கல்லறைத் தோட்டத்தில் கூட்டம். கடைசிக் காலத்தில் எங்களோடு வந்து இருந்த அப்பாவின் கல்லறையில் செவ்வந்தி வைத்தேன். சிலுவையில் புதுச் சுண்ணாம்பு, விரலெல்லாம் வெள்ளை.

லூர்தக்கா வீட்டுக்காரருக்கு ஏற்றிவிட்டு, கையில் ஒன்றை வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

“என்னக்கா?”

“அந்தத் தபால்காரன் இருக்கானா செத்தானான்னே வெளங்கலயே. உசுரோட இருக்கவனுக்கு வச்சா ஆகாதுல்ல டீச்சர்?”

“வைங்க. அவன் செத்துத்தான் போனான்.”

“கூட இருந்து பாத்தாப்ல சொல்றீங்க!”

ஆனாலும் வைத்தாள். காற்றில் அணையாமல் சுடரைக் கையால் மறைத்துப் பிடித்தேன். அழுகை முட்டியது. அப்பாவுக்காக என்று நினைத்துக்கொண்டிருப்பாள்.

நவம்பர் 10. வெள்ளி

வெயில். அரிசி புடைத்தாயிற்று. பரீட்சைத் தாள் பாதி திருத்தம்.

கடைசி அத்தியாயம் வந்துவிட்டது. செல்வராணி படித்தாள். நான் அடுக்களையில், காய் நறுக்குவதுபோல் உட்கார்ந்திருந்தேன். “முற்றும்” என்றாள். நறுக்குவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டினேன்.

பிறகு லூர்தக்கா: “அப்பாடா! முடிஞ்சிருச்சாடி?”

“முடிஞ்சிருச்சுக்கா.”

“எப்படா முடியும்னு இருந்துச்சு. பாதியில விட மனசு வரல.”

ஆளுக்கு ஆள் அதையே சொன்னார்கள். இத்தனை மாதம் இவர்களுக்காக என்று நான் இழுத்தேன். எழுதுகிறானே பாவம் என்று இவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கத்தரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தேன், அடக்க முடியவில்லை. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

லூர்தக்கா எழுந்து போகும்போது அடுக்களைப் பக்கம் குரல் கொடுத்தாள்: “டீச்சர், அந்தாளு உங்க ஊர்க்காரந்தான? எங்கிட்டாச்சும் பாத்தா சொல்லுங்க. கடைசி வாரம் நல்லாருந்துச்சுன்னு. போய் நல்லாத் தூங்கச் சொல்லுங்க.”

சொல்கிறேன் என்றேன்.