வீட்டில் ரேடியோ, மேடையில் ஊமை

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரித்துத் தொடங்கினால் அப்பா "அதைத் தாண்டிப் படிம்மா" என்பார். அதனால் நானே தாண்டிவிட்டேன்.

போன் செய்வதில்லை என்று கோபிக்காதே. ஓட்டல் போனில் பேசினால் வரவேற்பறைப் பெண் கேட்பாள். மறுநாள் பத்திரிகையில் வந்துவிடும். ஒப்பந்தம்தான் உனக்குத் தெரியுமே. வெளியிடத்தில் நான் வாய் திறந்தால் இசைக்குழுவில் இடமில்லை. எல்லாம் அந்த முதல் பேட்டியால் வந்த வினை. பயத்தில் வாயடைத்து உட்கார்ந்திருந்தேன், மறுநாள் 'ஊமை' என்று போட்டுவிட்டார்கள். மேனேஜர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கூடவே எனக்கு வீடு வாசல், உற்றார் உறவினர் கிடையாது என்று அவரே ஒரு கதையும் கட்டிவிட்டார்.

மற்ற மூவரின் கதை இன்னும் வேடிக்கை. டிரம்ஸ் வாசிக்கிறவர் 'இடி'. மேடையில் குச்சிகளை உடைத்து வீசுவார். அறையில் ஒரு கரப்பான்பூச்சி வந்தால் கட்டில் மேல் ஏறி நின்று என்னைக் கூப்பிடுவார். கிட்டார்காரர் 'மாப்பிள்ளை'. ஊர்ப்பட்ட பெண்கள் அவருக்குக் கல்யாணக் கடிதம் எழுதுகிறார்கள். அவர் மனைவியும் இரண்டு குழந்தைகளும் எங்கே போனாலும் 'சித்தப்பா குடும்பம்' என்று அடுத்த அறையில் தங்குகிறார்கள். பாடகர் 'தீக்குச்சி'. அவர் கோபத்தில் மைக்கைத் தூக்கி எறிவதைக் காலையில் நாலு தடவை ஒத்திகை பார்க்கிறோம்.

இவர்கள் நடுவில் நான் மட்டும்தான் நாள் முழுவதும் நடிக்கிறேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு என்னோடு நானே பேசிக்கொள்கிறேன். சிரிக்காதே.

அப்பாவிடம் சொல், ரேடியோ கெட்டுப்போகவில்லை, சும்மா அணைத்து வைத்திருக்கிறார்கள் என்று.

உன் தம்பி,
ரேடியோ


பிப்ரவரி 20

என் அன்பு ரேடியோவுக்கு,

உன் கடிதத்தை அப்பாவுக்கு மூன்று முறை படித்தேன். கரப்பான்பூச்சியில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "நீ நல்லாத்தாம்மா படிக்கிற. ஆனா அவன் சொன்னா இன்னும் நல்லா இருக்கும்" என்றார். உன் நகைச்சுவையை என் குரலில் கேட்டுக் கேட்டு அவருக்கு அலுத்துவிட்டது. எனக்கும்தான்.

பார்வை போன பிறகு தெருவையும் பேப்பரையும் அவருக்கு நீதானே காட்டினாய்? எதிர்வீட்டுக்காரர் தலைக்கு மை பூசியதைக்கூட விடாமல் சொல்வாயே. இப்போது டிவியில் உங்கள் பேட்டி வந்தால் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருகிறார். மூன்று பேர் பேசுகிறார்கள். முடிந்ததும், "அவன் வந்திருந்தானாம்மா?" என்று என்னைக் கேட்கிறார். இருந்தான் அப்பா, ஓரத்தில், கறுப்புச் சட்டையில் என்கிறேன்.

உன் வாத்தியம் எது என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் அடியில் ஒலிக்கும் கனத்த சத்தம் என்றேன். அன்றிலிருந்து கேசட் போட்டால் ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்கிறார். "பஸ் இஞ்சின் மாதிரி இருக்கு. வண்டிய ஓட்டுறது என் பையன்தான்" என்கிறார். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

என் ஜெராக்ஸ் கடைக்குப் பெண்கள் உன் படத்தைப் பிரதி எடுக்க வருகிறார்கள். நேற்று நாற்பது பிரதி. "இவருக்கு யாருமே இல்லையாம்க்கா, பாவம்" என்றாள் ஒருத்தி. நான் சில்லறையை எண்ணிக் கொடுத்தேன்.

சொல்லவேண்டியதைக் கடைசியில் சொல்கிறேன். அப்பாவுக்கு மார்ச் 15 இதய ஆபரேஷன். டாக்டர் நம்பிக்கையாகப் பேசவில்லை. முந்தைய நாளாவது ஆஸ்பத்திரிக்கு வா. காசு பணம் எதுவும் வேண்டாம். அவர் காதருகே பத்து நிமிடம் பேசிவிட்டுப் போ, போதும்.

அக்கா


மார்ச் 1

அக்கா,

வருகிறேன். 14ஆம் தேதி மாலை நாலு மணி. மேனேஜரிடம் மன்றாடிச் சம்மதம் வாங்கிவிட்டேன், எப்படி என்பதை நேரில் சொல்கிறேன். பேச வேண்டியதைக் குளியலறையில் ஒத்திகை பார்த்து வருகிறேன். 'இடி' கதவைத் தட்டி, "யார்கூடடா பேசுற?" என்றார். அப்பாகூட என்றேன்.

ரேடியோ


மார்ச் 19

தம்பி,

தந்தி கிடைத்திருக்கும். அப்பா 16ஆம் தேதி காலை போய்விட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு கண் விழிக்கவே இல்லை.

நீ ஏன் வரவில்லை? 14ஆம் தேதி மதியம் மூன்றரைக்கு மருந்து வாங்கக் கீழே போனேன். திரும்பி வந்து உன்னை எதிர்பார்த்து இரவு எட்டு மணிவரை மாடிப்படிக்கும் கட்டிலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அப்பா தலையைத் தூக்கினார். அவர் தூங்கும்வரை உனக்காக நானே பொய் சொன்னேன். ரயில் தாமதம் என்றேன்.

அன்று அவர் சொன்ன ஒன்றை உனக்கு எழுத வேண்டும். நான் கீழே போயிருந்தபோது வார்டு பையன் ஒருவன் வந்தானாம். "தண்ணி கேட்டேன், தலையத் தூக்கிப் பிடிச்சுக் குடுத்தாம்மா. வாயே தொறக்கல, ஆனா ரொம்ப நேரம் கையப் பிடிச்சுக்கிட்டு நின்னான். பாவம், நல்ல பிள்ளை. நம்ம ரேடியோவுக்கு எடுத்த சட்டைய அவனுக்குக் குடுத்துடு. ரேடியோவுக்கு வேற வாங்கிக்கலாம்" என்றார்.

தகனம் முடிந்து, நேற்று அந்தச் சட்டையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அப்படி ஒரு பையன் அங்கே இல்லை என்கிறார்கள். பெற்ற பிள்ளை செய்யாததை அவன் செய்தான். எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

அக்கா


மார்ச் 25

அக்கா,

தேடாதே. அது நான்தான்.

மேனேஜர் ஒரு நிபந்தனையோடுதான் சம்மதித்தார். நோயாளிகளை 'ஊமை' பார்க்க வருவதாக ஒரு பத்திரிகைப் படம் எடுக்க வேண்டும், எட்டுக் கட்டில்களில் ஒன்றாக அப்பாவின் கட்டிலும் இருக்கும். படம் எடுப்பவர் போன பிறகு தனியாகப் பேசிக்கொள் என்றார். நம்பினேன். படம் எடுப்பவருக்கு வசதி என்று நாலு மணியை மூன்றரை ஆக்கிவிட்டார்கள். வார்டில் எல்லாரும் வயதானவர்கள், பாதிப் பேர் தூக்கம், என்னை யாருக்கும் தெரியாது. பச்சை அங்கியை மாட்டிவிட்டார்கள்.

அப்பா என் கை மேல் கை வைத்தார். அங்கியின் விளிம்பைத் தடவிப் பார்த்து, "வார்டு பையனா? கொஞ்சம் தண்ணி குடுப்பா" என்றார். கொடுத்தேன். கேமரா சத்தத்தைச் சுவிட்ச் என்று நினைத்து, "லைட்டு எரியலையா?" என்றார். அப்புறம், "என் பையன் நாலு மணிக்கு வருவான். நான் தூங்கிட்டா எழுப்பி விடு. வந்தா பேசிக்கிட்டே இருப்பான், உனக்கே தெரியும்" என்றார்.

பத்திரிகைக்காரர் ஒரு முழம் தள்ளி நின்றிருந்தார். அப்பா என்ற ஒரு வார்த்தைதான், அக்கா. நாக்கு வரைக்கும் வந்தது. மேனேஜர் என் தோளை அழுத்தினார். நாலு குடும்பம் என் வாயில் தொங்குகிறது என்று படியேறும்போதே சொல்லியிருந்தார். அதைவிட அசிங்கமான உண்மை ஒன்று உண்டு. அந்த நிமிடம் எனக்கு மேடையை விட மனமில்லை. ஆபரேஷன் முடிந்ததும் வந்து பேசிக்கொள்ளலாம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். அடுத்த கட்டிலுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கேயும் கையைப் பிடித்தேன். எட்டாவது கட்டில் முடிந்ததும் பத்திரிகைக்காரரோடு ஒரே காரில் ஏற்றிவிட்டார்கள்.

தந்தி ஊர் ஊராகச் சுற்றி, எல்லாம் முடிந்த பிறகுதான் என் கைக்கு வந்தது. என்ன வேண்டுமானாலும் திட்டு. ஆனால் எழுது.

தம்பி


ஏப்ரல் 2

ஊமைக்கு,

இந்தப் பெயரில் உன்னை நான் கூப்பிட்டதே இல்லை. ஆனால் உனக்கு எது பெயர் என்று நீயே தீர்மானித்துவிட்டாய்.

படம் வெளிவந்துவிட்டது. நேற்று இரண்டு பெண்கள் கடைக்குக் கொண்டுவந்தார்கள். தலைப்பு, 'பேசாத கருணை'. அப்பாவின் வாய் திறந்திருக்கிறது. என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்று உலகத்தில் உனக்கும் எனக்கும்தான் தெரியும். இருபது பிரதி கேட்டார்கள், எடுத்துக் கொடுத்தேன். இருபது முறையும் அவர் முகத்தின் மேல் வெளிச்சம் போய் வந்தது.

தொட்டதிலேயே அவருக்குத் தெரிந்திருக்கும், அதை மனதில் வைத்துக்கொண்டுதான் சட்டையைக் கொடுக்கச் சொன்னார் என்று பக்கத்து வீட்டு அத்தை ஆறுதல் சொல்கிறார். நான் அப்படிச் சொல்லமாட்டேன். அவருக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் இரவு எட்டு மணிவரை தலையைத் தூக்கியிருக்கமாட்டார்.

சட்டை இந்தப் பார்சலில் இருக்கிறது. அவர் கொடுக்கச் சொன்ன ஆளிடம் சேர்த்துவிட்டேன். இனி எழுதாதே. எழுதினால் நான் யாருக்குப் படித்துக்காட்டுவது?

அக்கா


ஏப்ரல் 21

அக்கா,

எழுதாதே என்றாய். இது ஒன்று மட்டும்.

முந்தாநாள் பெரிய மைதானத்தில் கச்சேரி. இருபதாயிரம் பேர் என்றார்கள். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு மேடை ஏறினேன். தோளில் கொஞ்சம் இறுக்கம், நான் பெருத்ததை நீங்கள் இருவரும் அறியவில்லை. மூன்றாவது பாட்டு முடிந்ததும் 'தீக்குச்சி'யின் மைக்கைப் பிடுங்கினேன். "எனக்குப் பேச்சு வரும். எனக்கு ஒரு அக்கா இருக்கா. எங்கப்பா போன மாசம் செத்துட்டாரு. நான் அவருகிட்ட பேசல" என்றேன்.

'எனக்கு' என்றதுமே கூட்டம் எழுந்துவிட்டது. ஊமை பேசிவிட்டான் என்று ஒரே கூச்சல், விசில், அழுகை. அதற்குமேல் நான் சொன்னது ஒருவர் காதிலும் விழவில்லை. எனக்கே விழவில்லை. மேடைக்குப் பின்னால் மேனேஜர் என்னைக் கட்டிக்கொண்டு, "இத ஏன்டா முன்னாடியே பண்ணல?" என்றார். இனி ஒவ்வொரு ஊரிலும் மூன்றாவது பாட்டுக்குப் பிறகு நான் பேச வேண்டுமாம். ஒப்பந்தத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். நான் கிளம்பி வந்துவிட்டேன். பஸ் நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எந்த வண்டியில் ஏறுவது என்று இன்னும் தெரியவில்லை. உன் வாசலுக்கு நீ கூப்பிடாமல் வரமாட்டேன்.

பதில் வேண்டாம். ஒரே ஒரு உதவி செய். அப்பா நாற்காலிக்கு எதிரில் உட்கார்ந்து, கீழே இருப்பதை மட்டும் கொஞ்சம் சத்தமாகப் படி. உன் குரல் போதும்.

அப்பா, நாலு மணி ஆயிடுச்சு. எழுந்திருங்க. தண்ணி குடுத்தது நான்தான்.

ரேடியோ