கை புதையாத மெத்தை

ஜனவரி 9

அன்பு மகள் பஞ்சுமூட்டைக்கு,

நம் மெத்தைக் கடையில் மூட்டைமேல் ஏறித் தூங்கிய பிள்ளையை வேறு எப்படிக் கூப்பிடுவது? நானும் உன் அம்மாவும் நலம். போனில் நீ "ம்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறாய், அதனால்தான் கடிதம்.

பேத்தி பிறந்ததை மாப்பிள்ளை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சரி, போகட்டும். நல்ல இலவம்பஞ்சாகப் பொறுக்கி மெத்தை, தலையணை, தொட்டிலைச் சுற்றி வைக்கும் திண்டு எல்லாம் தைத்து அனுப்பினேன். கட்டுப் பிரிக்காமல் அப்படியே திரும்பி வந்திருக்கிறது. சரக்கு திரும்பினால் காரணம் கேட்கிறவன் நான். உன் தலைப்பிள்ளை, என் பேரன், தூக்கத்திலேயே இறந்துபோனது என் மெத்தையில். அதுதான் காரணமா? நேராகச் சொல்லிவிடு. எதையாவது நினைத்துக்கொண்டு கிடப்பதைவிட அது மேல்.

உன் அப்பா

ஜனவரி 20

அன்புள்ள அப்பாவுக்கு,

பிரித்தால் தொட்டுப் பார்ப்பேன். தொட்டால் அவன் படுத்திருந்த மெத்தைதான் நினைவுக்கு வரும். அதனால்தான் பிரிக்கவில்லை.

உங்களைக் குறை சொல்லவில்லை. இன்னதுதான் காரணம் என்று டாக்டராலேயே சொல்ல முடியவில்லை. மூச்சுக்குத் தடை வந்தால் விழித்துக்கொள்ளும் பலம் சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்கலாமாம். மெத்தென்ற படுக்கை, குப்புறப் படுப்பது, அதிகச் சூடு, சிகரெட் புகை இவையெல்லாம் ஆபத்தைக் கூட்டுமாம்.

இவளை எப்போதும் மல்லாக்கத்தான் படுக்க வைக்கிறேன். எங்கள் அறையிலேயே, தனித் தொட்டிலில். தலையணை, போர்வை, பொம்மை எதுவும் கிடையாது. இவ்வளவு செய்தாலும் ஆபத்து குறையுமே தவிர, உறுதி என்று எதுவும் இல்லையாம். தூங்கும்போதெல்லாம் மூக்குக்கு நேரே விரலை நீட்டிப் பார்க்கிறேன்.

உங்களை வரச் சொல்ல ஆசைதான். வந்தால் கையில் மெத்தென்று ஏதாவது இருக்கும், சட்டையில் சிகரெட் வாடை இருக்கும். வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல்தான் "ம்" என்கிறேன்.

மகள்

பிப்ரவரி 17

அன்பு மகளுக்கு,

கடைக்கு ஆள் வந்தால் மெத்தையில் உள்ளங்கையை அழுத்திக் காட்டுவேன், உனக்குத் தெரியும். கை எவ்வளவு புதைகிறதோ அவ்வளவு விலை. அந்தப் பேச்சில்தான் வீடு கட்டினேன், உன்னைப் படிக்க வைத்தேன். இந்த வாரம் முதல்முறையாகக் கை புதையாத மெத்தை ஒன்று போட்டேன். "யாருக்கு முதலாளி, எதிரிக்கா?" என்றார் தையல்காரர். "பேத்திக்கு" என்றேன். ஒரு மாதிரிப் பார்த்தார்.

தொட்டிலின் அளவை மாப்பிள்ளையிடம் வாங்கினேன். ஓரத்தில் விரல் நுழைய இடமிருக்காது. உறையும் இறுக்கம். தொட்டில் திண்டு விற்பதையே நிறுத்திவிட்டேன். "பிழைக்கத் தெரியாத மனுஷன்" என்கிறாள் உன் அம்மா. சிகரெட்டையும் விட்டாயிற்று. அதை மட்டும் அவள் நம்பவில்லை, சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தட்டு வைக்கிறாள்.

மாப்பிள்ளை படம் அனுப்பினார். சாயல் தெரிகிறது, கனம் தெரியவில்லை. ஒருமுறை தூக்கிப் பார்த்தால் தேவலை. வேறொன்றும் இல்லை.

உன் அப்பா

மார்ச் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

மெத்தை வந்தது. இந்த முறை பிரித்தேன். உங்களைப் போலவே உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். புதையவில்லை. கையை எடுக்கத்தான் கொஞ்ச நேரமாயிற்று.

அதில்தான் தூங்குகிறாள், கூரையைப் பார்த்தபடி, உங்களைப் போலவே வாயைத் திறந்துகொண்டு. விரல் நீட்டிப் பார்ப்பதை நான் இன்னும் விடவில்லை. நீங்கள் இருந்தால் முறை போட்டுப் பார்க்கலாம்.

வாருங்கள் அப்பா. சட்டையை நானும் முகர்ந்து பார்ப்பேன். எந்த வீட்டுக்கும் நீங்கள் கையை வீசிக்கொண்டு போனதில்லை. இந்த வீட்டுக்கு அப்படித்தான் வர வேண்டும். அவளைத் தூக்க இரண்டு கையும் காலியாக இருக்கட்டும்.

உங்கள் பஞ்சுமூட்டை